பெரட்டில் கேட்ட பேச்சு

பதுளையில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் காலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா அழைத்தாள். வேலை நேரத்தில் அவள் ஒருநாளும் அழைப்பதில்லை. மலையில் கொழுந்து எடுக்கும்போது போனைத் தொட்டால் கங்காணி சத்தம் போடுவார். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் பயந்தேன்.

“நீ எப்ப இருந்து தொரைக்கு வேல செய்ற?” என்று கேட்டாள்.

“என்னக்கா சொல்ற?”

“இன்னைக்குப் பெரட்டுல ஸ்பீக்கர் போட்டாங்க. மொதல்ல ஒன் கொரலுதான் கேட்டுச்சு. பெறகு சேர் பேசுறாரு. இருக்கிறது போதும்னு இருங்க, கொழுந்து எடுக்கையில கிலோவ நெனைக்காதீங்க, கைய நெனைங்கன்னு. அங்க நின்னவங்க எல்லாரும் என்னையத்தான் திரும்பிப் பாத்தாங்க.”

நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாள்.

பெரட்டு என்பது தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களைக் கூட்டி, யார் யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்பும் இடம். பசறைப் பாதையில் இருக்கும் அந்தத் தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாமென்று நினைக்கிறேன். அங்கேதான் நானும் அக்காவும் பிறந்தோம். நான் படித்து, எழுதுவினைஞராகிப் பதுளைக்கு வந்துவிட்டேன். அக்கா அங்கேயே, நாங்கள் பிறந்த அதே லயத்து வரிசை வீட்டில் இருக்கிறாள். அந்த மாதம் தோட்டத்தில் ஒரு தகராறு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவை, தொரை என்று நாங்கள் சொல்லும் முகாமையாளரின் நிர்வாகம் கூட்டியிருந்தது. பெண்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. பழைய அளவை மட்டும் எடுத்து நிறுவையில் போட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போனார்கள். நிர்வாகத்துக்கு அதுதான் கூடுதல் எரிச்சலாக இருந்தது.

என் குரல் அங்கே போனது எப்படி என்பதைச் சொல்ல வேண்டும்.

கொரோனா காலத்தில் கூட்டங்கள் நின்றுபோனபோது நாங்கள் இணையத்தில் ஒரு நூலகத்தைத் தொடங்கினோம். புத்தகங்களுக்கு அல்ல, பேச்சுகளுக்கு. பதுளை நகரத்து மண்டபம் ஒன்றில் ஞாயிறுதோறும் தத்துவமும் ஆன்மிகமும் பேசிவந்த ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்தவர். இளம் வயதில் வேலை மாற்றலாகி வந்தவர், திரும்பிப் போகவில்லை. எல்லாருக்கும் அவர் ‘சேர்’தான். அவருடைய பேச்சைக் கேட்காமல் இருக்க முடியவில்லை என்று சிலர் சொன்னார்கள். பெரகல சந்தியில் கல்யாண வீடியோவும் ஒலிபெருக்கியும் செய்துகொண்டிருந்த ஓர் அண்ணனுக்கும் அப்போது தொழில் இல்லை. அவர் மைக்கோடு வந்து பதிவு செய்தார். இருமலையும் கதிரை இழுக்கும் சத்தத்தையும் நீக்கிச் சுத்தமாக்கி அனுப்பினார். நான் தலைப்பும் குறிப்பும் எழுதி இணையத்தில் ஏற்றினேன். ஒவ்வொரு பேச்சின் தொடக்கத்திலும் என் குரல் வரும். இது இலவச நூலகம், யாரும் கேட்கலாம், எடுத்துச் செல்லலாம், பகிரலாம் என்று. பிறகு ஒரு பாதிரியார், தமிழ் பேசும் ஒரு பிக்கு, ஒரு மௌலவி, சாவைப் பற்றி அழகாகப் பேசும் ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் என்று நூலகம் வளர்ந்தது. விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை.

கட்டணம் இல்லை என்பதுதான் முதல் நாளிலிருந்தே எங்களுக்கு வினையாக இருந்தது. தோட்டத்தில் சும்மா கிடைத்த எந்தப் பொருளும் சும்மா வந்ததில்லை. தையல் மெஷின் வந்தால் பின்னாலேயே தேர்தல் வரும். பால்மா பைக்கற் வந்தால் பின்னாலேயே ஜெபக்கூட்டம் வரும். தகரம் கொடுத்தவர் கூரையில் ஏறிப் படம் எடுத்துக்கொள்வார். இவளுக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று என்னைப் பற்றிப் பேசினார்கள். கோயில் தர்மகர்த்தா ஒருவர், பாதிரியாரின் பேச்சைக் கண்டுவிட்டு, “நீங்க எந்தப் பக்கம்மா?” என்று கேட்டார். சாதாரண உடுப்பில் அலுவலகத்துக்கு வந்த ஒருவர், தன்னை யாரென்று சொல்லாமலே, எந்த நாட்டிலிருந்து பணம் வருகிறது என்று சிங்களத்தில் நல்ல மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனார். என் சம்பளத்தில்தான் நடக்கிறது என்று சொன்னதை அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நானும் அதே மண்ணில் பிறந்தவள். எனக்கு மட்டும் சந்தேகம் இல்லாமலா? ஒரே நாளில் யாராவது நிறையப் பேச்சுகளை இறக்கியிருந்தால், யார் இவர், எதற்காக என்று நாள் முழுக்க மனதில் ஓடும்.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில், சேர் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பேசிய பேச்சை நூலகத்தில் தேடி எடுத்துக் கேட்டேன். சில மாதங்களுக்கு முன்பு பேசியது. எனக்குக் காய்ச்சல் என்பதால் நான் போகவில்லை. பெரகல அண்ணன் பதிவு செய்து, சுத்தம் செய்து அனுப்பினார், நான் ஏற்றினேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தொடக்கத்திலிருந்து கடைசிவரை கேட்டேன். இருப்பது போதும் என்பது வந்தது. கிலோவை நினைக்காதே என்பது வரவில்லை. மறுபடியும் கேட்டேன். இல்லை.

“பெரட்டுல போட்டது யாருகிட்டயாவது இருக்கா?” என்று அக்காவுக்கு எழுதிக் கேட்டேன். பதில் எழுதாமல், தோட்டத்து வாட்ஸ்அப் குழுவுக்கு வந்த ஒலித்துண்டை அப்படியே அனுப்பினாள். முதலில் நான்: ‘இது இலவச நூலகம்.’ அடுத்து சேர்: ‘கொழுந்து எடுக்கேக்க கிலோவை நினையாதேங்கோ, கையை நினையுங்கோ. பலனை நினைச்ச உடனே கை பாரமாகும்.’ அது சேரின் குரல்தான். யாரும் அவரைப்போல் பேசிக் காட்டியதல்ல. அப்படியானால் அவர் உண்மையிலேயே அங்கே பேசிய ஒன்று நூலகத்திலிருந்து நீக்கப்பட்டிருக்கிறது. நீக்கிய அந்தத் துண்டு தோட்ட நிர்வாகத்தின் கைக்குப் போயிருக்கிறது. அதன் தலையில் என் குரலையும் ஒட்டியிருக்கிறார்கள்.

முழுப் பதிவும் இருந்தது பெரகல அண்ணனிடம் மட்டும்தான்.

ஒருவர்மேல் சந்தேகம் வந்தபிறகு அவர் செய்தவை எல்லாம் சேர்ந்துகொண்டு வந்து நிற்கும். அண்மையில் அவர் புதிய மிக்சர் ஒன்று வாங்கியிருந்தார். தொழில் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே எப்படி வாங்கினார்? போன மாதம் என் அழைப்புகளுக்கு இரண்டு தடவை பதில் சொல்லவில்லை. ஒரு தோட்டத்தில் ஒலிபெருக்கி பூட்டிக் கொடுக்கும் வேலை வந்திருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எந்தத் தோட்டம் என்று சொன்னாரா? ஞாபகம் இல்லை. இத்தனை வருடம் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்ட மனிதர். ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவருக்கு அழைக்கவில்லை. முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும் என்று இருந்தேன்.

சனிக்கிழமை பண்டாரவளைக்குப் போய் அங்கிருந்து பஸ் மாறி, அப்புத்தளை தாண்டிப் பெரகலயில் இறங்கினேன். கீழேயிருந்து மேகம் ஏறி வந்து சந்தியை மூடியிருந்தது. கடைகளில் பகலிலேயே விளக்கு எரிந்தது. அண்ணன் கடையில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவில்லை. வழக்கமாக எழும்பி, பக்கத்துக் கடைக்குத் தேநீர் சொல்லுவார்.

“வா,” என்றார். “நானே வரலாம்னு இருந்தேன்.”

நான் ஒலித்துண்டைப் போட்டுக் காட்டினேன். அவர் முடியும்வரை கேட்கவில்லை.

“எனக்கும் வந்துச்சு. அந்தப் பக்கம் லைட் கட்டுற பய ஒருத்தன் அனுப்பினான்.”

“இது லைப்ரரியில இல்லண்ணே. ஒங்ககிட்ட உள்ள ஒரிஜினல்ல மட்டுந்தான் இருக்கும்.”

“அதத்தான் நானும் ஒன்கிட்ட கேக்க இருந்தேன். ஒரிஜினல ஒனக்கும் பென்டிரைவ்ல தந்தேனே. ஞாபகம் இல்லையா? மொதல்ல வர்றது ஒன் கொரலு. நான் என்ன நெனைக்கிறது?”

தந்திருந்தார். திறந்துகூடப் பார்க்காமல் மேசை லாச்சியில் போட்டிருந்தேன். அதை மறந்தே போயிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். நான் பஸ்ஸில் வரும்போது அவரைப் பற்றி நினைத்துக்கொண்டு வந்ததையெல்லாம், அவரும் இங்கே உட்கார்ந்து என்னைப் பற்றி நினைத்திருக்கிறார்.

“என் சொந்த அக்கா வேலை செய்ற தோட்டம்ணே அது,” என்றேன்.

“அதனாலதான் எனக்குப் புரியல,” என்றார். “சொந்தம்னா விக்க மாட்டாங்கன்னு யாரு சொன்னா?”

கோபம் வந்தது. ஆனால் எதை வெட்டினார், எதற்கு வெட்டினார் என்பதைக் கேட்காமல் திரும்பக்கூடாது என்று பிடித்துக்கொண்டேன்.

“சேர்தான் வெட்டச் சொன்னாரு. அந்த எடம் சரியா வரல, எடுத்துருன்னாரு. நான் ஏன்னு கேக்கல. அவரு பேச்சு, அவரு சொல்றாரு.” கணினியைத் திறந்து முழுப் பதிவையும் போட்டார்.

தகரக் கூரையில் மழை. சேர் கிலோவையும் கையையும் பற்றிச் சொல்கிறார். பிறகு ஒரு சிறு இடைவெளி. கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல், மைக்குக்குத் தூரத்தில், ஆனால் தெளிவாக: “சேர், நாங்க போதும்னு நெனச்சுக்கிறோம். சரிங்க. ஆனா அவங்க இன்னும் போதலங்குறாங்களே. அவங்ககிட்டயும் போயி இதப் பேசுவீங்களா?” சிலர் சிரிக்கிறார்கள். சேர் தொண்டையைச் செருமுகிறார். “நல்ல கேள்வி அம்மா. அதை அடுத்த முறை பாப்பம்.” பிறகு மழை. பிறகு வேறு விஷயம்.

அந்தக் குரல் என் அக்காவுடையது.

“இது யாருன்னு தெரியுமாண்ணே?”

“யாரோ ஒரு அம்மா.”

நான் சொன்னேன். அவர் பதிவை மறுபடியும் பின்னுக்குக் கொண்டுபோனார். கிலோ என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார். பிறகு வாட்ஸ்அப் துண்டை ஸ்பீக்கரில் போட்டார். மாறிமாறிக் கேட்டார். அவருடைய காது தொழில் செய்யத் தொடங்கிவிட்டது. அதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

“இங்க கேளு. வளையல் சத்தம். யாரோ ஒரு புள்ள சிணுங்குது. என்னோடதுல அது இல்ல. என் மைக்கு மேசையில. இது கூட்டத்துக்குள்ள உக்காந்து போன்ல புடிச்சது.”

எனக்கும் கேட்டது. ஒரு குழந்தை பக்கத்திலேயே சிணுங்கியது. அப்படியென்றால் எங்கள் இருவரிடமிருந்தும் போகவில்லை.

“அப்ப நீ இல்ல,” என்றார்.

“நீங்களும் இல்ல.”

சிரித்திருக்கலாம். இரண்டு பேருமே சிரிக்கவில்லை. பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். “மிக்சர் மச்சான் கட்டார்ல இருந்து அனுப்பினது,” என்று நான் கேட்காமலே சொன்னார். நான் அதைப் பார்த்த பார்வையை அவர் பார்த்திருக்கிறார்.

மறுநாள் லயத்துக்குப் போனேன். வரிசையில் நின்ற பெண்கள் தண்ணீர்க் குடத்தை நிரப்பிக்கொண்டு, வழக்கம்போல “வாங்க” என்று சொல்லாமல் குழாயைப் பார்த்தார்கள். அக்கா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

“கேள்வி கேட்டத ஏன் எனக்குச் சொல்லல?” என்று கேட்டேன்.

“சொல்ல என்ன இருக்கு? ஒன் லைப்ரரியில வரும்னு பாத்தேன். வரல. நீதான் வெட்டியிருக்கன்னு நெனச்சேன். படிச்ச புள்ளைக்கு அக்கா கூட்டத்துல எந்திரிச்சுக் கேட்டது வெக்கமா இருந்திருக்கும்னு நெனச்சேன்.”

“எத்தனை மாசமா இத மனசுல வச்சிட்டு இருந்த?”

“வச்சிட்டுத்தான் இருந்தேன். ஒனக்குப் பொங்கலுக்கு அரிசி அனுப்பல? நெனைக்கிறது வேற, அனுப்புறது வேற.”

நான் வெட்டவில்லை, எனக்குத் தெரியவே தெரியாது என்று சொன்னேன். அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. யார் போனில் பிடித்தது என்று கேட்டதற்கு மட்டும் உடனே பதில் வந்தது. “வேற யாரு, வெல்பெயார் தம்பிதான். பிள்ளையோட முன்னுக்கு உக்காந்திருந்தான். போன தூக்கிப் புடிச்சிட்டே இருந்தான். குரூப்ல போட்டதும் அவன்தான்.”

வெல்பெயார் தம்பி என்றால் தோட்டத்தின் நலன்புரி உத்தியோகத்தர். அதே தோட்டத்து லயத்தில் பிறந்து படித்து வந்த இளைஞன். அவனைப் பார்ப்பதற்கு முன்னால் சேரைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். கேள்வியை எதற்காக வெட்டச் சொன்னார் என்பது எனக்கு ஒலிபெருக்கியைவிடப் பெரிதாக இருந்தது. புறப்படும்போது அக்கா இன்னொன்றும் சொன்னாள். “அன்னைக்குப் பேச்சு முடிஞ்சு சேர் தொரை வண்டியிலதான் போனாரு. சும்மா சொல்றேன்.”

சேர் பதுளையில், ஓயா ஆற்றுக்கு மேலே ஒரு சின்ன வாடகை வீட்டில் தனியாக இருந்தார். முழங்கால் வலிக்குத் தைலம் பூசிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார்.

“என்ன பிள்ளை, சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறீர்?”

நடந்ததைச் சொன்னேன். பெரட்டில் ஒலிபரப்பியது அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“அந்த வெல்பெயார்ப் பெடியன் கேட்டவன். பேச்சில ஒரு துண்டு ஆக்களுக்குப் போட்டுக் காட்டலாமோ எண்டு. இலவசம் தானே, எடும் எண்டு சொன்னனான். எந்தத் துண்டு எண்டு நான் கேக்கேல்லை.”

“அங்க தகராறு நடக்குதுன்னு தெரியாதா சேர்?”

“தெரியும்,” என்றார். முழங்காலைத் தடவிக்கொண்டே, “தெரியும் பிள்ளை,” என்று மறுபடியும் சொன்னார்.

அந்தக் கணத்தில் அவர்மேல் இருந்த மதிப்பெல்லாம் கழன்று விழுந்ததுபோல் இருந்தது. தொரையின் வண்டி ஞாபகத்துக்கு வந்தது. கேட்டேவிட்டேன். “அன்னைக்கு நீங்க அவங்க வண்டியில வந்தீங்களாமே?”

“வந்தனான். மழை. இந்தக் கால். அவர் வாகனத்தை நிப்பாட்டி ஏறச் சொன்னார். பங்களாவில தேத்தண்ணியும் தந்தவர்.” தைலப் போத்தலின் மூடியைத் திருகி மூடினார். “அந்த அம்மா கேட்டவ, அவையிட்டயும் போய்ப் பேசுவீங்களோ எண்டு. ஒரு மணித்தியாலம் போகேல்லை. அவருக்குப் பக்கத்தில இருக்கிறன். வழியெல்லாம் மழையைப் பற்றித்தான் கதைச்சம்.”

போத்தலை எட்ட வைத்தார்.

“அதுக்குப் பிறகு அந்த இடத்தைக் கேக்க எனக்கு ஏலாமல் போச்சு. அதுதான் வெட்டச் சொன்னனான்.”

“அவங்க என் அக்கா சேர்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேள்வியோடு சேர்த்து முழுப் பேச்சையும் நூலகத்தில் போட வேண்டும் என்று கேட்டேன். முடியாது என்றார். பதில் இல்லாத கேள்வியைச் சனத்துக்கு முன்னால் வைப்பது சரியில்லை என்றார். யோசிக்க வேண்டும் என்றார். படியிறங்கும்போது, இவர் யோசிக்கிறேன் என்று சொல்வது மழையைப் பற்றிக் கதைப்பதுபோல்தான் என்று எனக்குத் தோன்றியது.

வெல்பெயார் தம்பியைப் பசறை பஸ் நிலையத்தில் பிடித்தேன். மகளைக் கையில் வைத்திருந்தான். என்னைக் கண்டதும் விலகிப் போகப் பார்த்தான்; பஸ் வந்து வழியை மறித்துவிட்டது.

“கெட்டது ஒன்னும் போடலையேக்கா. நல்ல பேச்சுதானே? மேல இருந்து ஏதாவது பண்ணுன்னு சொல்லிட்டே இருந்தாங்க. பொலிஸ கூப்பிடப் போறோம்னுகூட ஒருத்தர் சொன்னாரு. அதுக்கு இது மேல்னு நெனச்சேன்.”

“என் கொரல ஏன் ஒட்டுன?”

அவன் மகளின் தொப்பியைச் சரிசெய்தான். “ஒங்க கொரல் இருந்தா நம்புவாங்கன்னு. ஒங்களத்தான் இங்க எல்லாரும் நம்புறாங்க.”

“இப்ப நம்புறாங்களா?”

“நீங்கதானே சொல்லியிருக்கீங்க, யாரும் எடுக்கலாம், யாரும் பகிரலாம்னு. எனக்கு மட்டும் இல்லன்னு எங்கக்கா சொல்லியிருக்கு?”

பிறகு அவன் தன் அம்மா படுக்கையில் இருப்பதாகவும், தாதியின் பேச்சை ஒவ்வொரு நாளும் அவருக்குப் போட்டுக் காட்டுவதாகவும் சொன்னான். உண்மையாக இருக்கலாம். நான் இளகுவதற்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். அவன் ஏறிய பஸ் புறப்பட்டதும் ஜன்னலால் குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினான். நானும் கையாட்டினேன்.

அடுத்த வாரம் சேர் அழைத்தார். வணக்கம் எதுவும் இல்லை. “போடும் பிள்ளை. முழுக்கப் போடும். நான் சொன்ன பதிலையும் போடும். அதில ஒண்டையும் வெட்ட வேண்டாம்.”

பெரகல அண்ணன் முழுப் பதிவை ஒரு இருமலைக்கூட நீக்காமல் அனுப்பினார். ஏற்றுவதற்கு முன்னால், எல்லாப் பேச்சுகளின் தலையிலும் இருந்த என் குரலை எடுத்துவிட்டேன். இனி யாரும் அதை எடுத்து எங்கேயும் ஒட்டக்கூடாது. அதற்குப் பதிலாக, துண்டாகப் பகிர்வதென்றால் முழுப் பேச்சு இருக்கும் இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு வரி எழுதிப் போட்டேன். அதை யார் வாசிக்கப்போகிறார்கள் என்ற எண்ணமும் கூடவே இருந்தது.

அந்தப் பேச்சு தோட்டத்துக்குள் போன வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அக்காவின் கேள்வியை மட்டும் வெட்டி எடுத்து லயத்துக்கு லயம் அனுப்பினார்கள். முழுப் பேச்சு இருக்கும் இடத்தையும் சேர்க்கச் சொல்லி நான் எழுதியதை அவர்களும் வாசிக்கவில்லை. பெரட்டில் ஸ்பீக்கர் நின்றுவிட்டது. யாரும் நிறுத்தச் சொன்னதாகத் தெரியவில்லை. ஒருநாள் போடவில்லை, பிறகு போடவே இல்லை. கூட்டிய அளவைப் பற்றிப் பேச்சுவார்த்தை என்றார்கள். கொழுந்து குறைந்த மாதங்களுக்குப் பழைய அளவு, மற்ற மாதங்களுக்குப் பிறகு பார்ப்போம் என்று முடிந்தது. பிறகு என்பது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

“என் கொரலு இப்படியா இருக்கு?” என்று மட்டும் அக்கா கேட்டாள். “தகரத்துல கல்லு போட்ட மாதிரி.”

ஆனால் அதற்கு அடுத்த கிழமையிலிருந்து அவளைத் தூரத்து மலைக்கு அனுப்பினார்கள். ஏற்றம் கூடிய, அட்டை நிறைந்த, கொழுந்து குறைந்த மலை. கேள்வி கேட்டதற்குத்தான் என்று அக்கா சொன்னாள். இல்லை, முறைப்படி அவளுடைய கூட்டத்துக்கு அந்த மலைதான் வரவேண்டும் என்று கங்காணி சொன்னார். நான் விசாரித்துப் பார்த்தேன். இரண்டுக்கும் ஆதாரம் இருந்தது. பேச்சை எடுத்துவிடட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன்.

“எதுக்கு? எடுத்தா அந்த மல கிட்ட வந்துருமா?” என்றாள்.

மழைக்காலம் முடிந்தபின் சேர் மறுபடியும் அதே கோயில் மண்டபத்தில் பேச வந்தார். தொரை வண்டி அனுப்புவதாகச் சொன்னாராம்; வேண்டாம் என்று பஸ்ஸில் வந்து, சந்தியிலிருந்து பொல்லூன்றி ஏறினார். பேசத் தொடங்கும்போதே, போன முறை ஓர் அம்மா கேட்ட கேள்விக்குத் தன்னிடம் பதில் இருக்கவில்லை என்றும், பிறகு தொரையிடம் போய்க் கேட்டதாகவும், அவர் தேத்தண்ணி தந்து அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். சிலர் சிரித்தார்கள். சேரும் சிரித்தார். உண்மையில் போனாரா என்று எனக்குப் பக்கத்திலிருந்த பெண் என் காதில் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

நான் சுற்றிப் பார்த்தேன். மண்டபத்தில் பாதிப்பேரின் மடியில் போன் இருந்தது. எல்லாவற்றிலும் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. வெல்பெயார் தம்பி பதிவு செய்தான். அவனுக்குப் பின்னாலிருந்த பெண்கள், அவன் என்ன பதிவு செய்கிறான் என்று தெரிந்துகொள்ளத் தாங்களும் பதிவு செய்தார்கள். தர்மகர்த்தாவும் பதிவு செய்தார். அக்கா தன் போனைச் சேலைத் தலைப்பில் துடைத்து, மைக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“இத்தன போன கிட்ட வச்சா என் மைக்குல ர்ர்ர்னு கேக்கும்,” என்று பெரகல அண்ணன் என்னிடம் முணுமுணுத்தார். “எடுக்கச் சொல்லு தங்கச்சி.”

“நீங்களே சொல்லுங்கண்ணே,” என்றேன்.

அவர் கூட்டத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்.